மனநோய்க்கு மெடிக்கிளைம் கிடைக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2017-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவக் காப்பீட்டு விதிகளையே மாற்றியது. ஆனாலும் மனநலப் பிரிவு ஓபி வாசலில் காத்திருக்கும் குடும்பங்களில் பலருக்கு இது இன்னும் தெரியாது. தெரிந்தவர்களும், கிளைம் ஒருமுறை ரிஜெக்ட் ஆனதும் ‘இதுக்கெல்லாம் தர மாட்டாங்க’ என்று விட்டுவிடுகிறார்கள். பராமரிப்பாளர் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

மனநோய்க்குக் காப்பீடு உண்டா, இல்லையா?

உண்டு. சட்டத்தின் 21(4) பிரிவு, உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் மருத்துவக் காப்பீடு தரப்படுகிறதோ அதே அடிப்படையில் மனநோய் சிகிச்சைக்கும் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் வழிசெய்ய வேண்டும் என்கிறது. மனச்சோர்வு, இருதுருவ மனநோய் (பைபோலார்), மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) எல்லாம் இதில் அடங்கும். ‘எங்கள் பாலிசியில் மனநோய் கிடையாது’ என்று இன்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் அது தவறு.

இது எப்படி வந்தது? முன்பு ஏன் இல்லை?

1912-இல் வெள்ளையர்கள் போட்ட சட்டமும் சரி, அதற்குப் பதிலாக வந்த 1987 சட்டமும் சரி, யாரை எப்படி மருத்துவமனையில் அடைப்பது, யார் கையெழுத்துப் போடுவது என்பதைப் பற்றியே அதிகம் பேசின. நோயாளிக்கு என்ன உரிமை என்ற கேள்விக்கு அவற்றில் பெரிய இடமில்லை.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் மனநல உரிமை பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் ஏர்வாடியைச் சொல்லாமல் நகர்வதில்லை. 2007-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. அதன்படி பழைய சட்டத்தை மாற்றியே ஆக வேண்டிய நிலை வந்தது. அப்படி வந்ததுதான் 2017 சட்டம்.

காகிதத்திலிருந்து பாலிசிக்கு இறங்கக் கூடுதலாகச் சில வருடங்கள் பிடித்தன. சட்டம் அமலான 2018-இலேயே, ஆகஸ்ட் 16 அன்று, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ ‘21(4)-ஐப் பின்பற்றுங்கள்’ என்று சுற்றறிக்கை அனுப்பியது. 2019 செப்டம்பரில், பாலிசியில் விலக்கி வைக்கக் கூடாதவற்றின் பட்டியலில் மனநோயைச் சேர்த்தது. 2020-இல் கௌரவ் குமார் பன்சால் என்ற வழக்கறிஞர் பொதுநல வழக்குப் போட, உச்ச நீதிமன்றம் ஆணையத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. கடைசியில் 2022 அக்டோபரில், ‘அந்த மாதம் 31-க்குள் எல்லா பாலிசியிலும் மனநோய் இருந்தாக வேண்டும்’ என்று ஆணையம் கெடு வைத்தது. நாடாளுமன்றம் சொல்லி ஐந்து வருடம் கழித்து! இதற்கு நடுவில் யாரும் வழக்குப் போடாமல், மனு எழுதாமல் இருந்திருந்தால் இதுவும் நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

அப்படியானால் ஏன் ரிஜெக்ட் செய்கிறார்கள்?

‘மனநோய் என்பதால் தர முடியாது’ என்று இப்போது பெரும்பாலும் எழுத மாட்டார்கள். அப்படி எழுதினால் நமக்கு வேலை சுலபம். டெல்லியில் ஒரு பெண் 2020-இல் மனநோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தார். அவருடைய பாலிசித் தொகை 3.95 லட்சம் ரூபாய். மனநோய்க்கு விலக்கு உண்டு என்ற பழைய விதியைக் காட்டிப் பொதுத்துறை நிறுவனம் ஒன்று கிளைமை மறுத்தது. 2021 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம், சட்டம் வந்தபின் அந்த விதிக்கு உயிரில்லை என்று சொல்லி, பாலிசித் தொகையைக் கொடுக்க உத்தரவிட்டது. அதே காலத்தில் அதே நீதிமன்றத்துக்கு வந்த இன்னொரு வழக்கில், பாலிசி 35 லட்சம். மனநோய்க்கு மட்டும் வரம்பு 50,000 ரூபாய்.

இப்போது வரும் மறுப்புகள் வேறு மாதிரி. அதிகம் பார்ப்பது மூன்று.

முதலாவது, ‘இந்த நோயாளிக்குப் புறநோயாளியாகவே சிகிச்சை தந்திருக்கலாம்’ என்பது. இதற்குத் தீர்வு டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறது. ‘மனச்சோர்வு, அட்மிட் செய்யப்பட்டார், மருந்து கொடுக்கப்பட்டது’ என்று மூன்று வரியில் முடித்தால் கிளைம் தள்ளாடும். எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, தனக்கோ பிறருக்கோ ஆபத்து இருந்ததா, வீட்டில் வைத்துப் பார்க்க ஏன் முடியவில்லை, எந்த மருந்தை ஏற்றும்போது கண்காணிப்பு தேவைப்பட்டது என்று டாக்டர் விவரமாக எழுத வேண்டும். டிஸ்சார்ஜ் நாளில் அவசரத்தில் கேட்டால் கிடைக்காது. அட்மிஷன் அன்றே டியூட்டி டாக்டரிடம் சொல்லி வையுங்கள்.

இரண்டாவது, ‘நீங்கள் சேர்ந்த இடம் மருத்துவமனையே இல்லை’ என்பது. காப்பீட்டு விதிப்படி மருத்துவமனை என்றால் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் குறைந்தபட்சத் தகுதிகள் இருக்க வேண்டும்: 24 மணி நேரமும் நர்ஸ், 24 மணி நேரமும் டாக்டர், ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து 10 அல்லது 15 படுக்கை, அப்புறம் முழு வசதியுள்ள ஆபரேஷன் தியேட்டர். மனநல மருத்துவமனைக்கு எதற்கு ஆபரேஷன் தியேட்டர் என்று கேட்காதீர்கள். விதியை எழுதியவர் மனதில் குடல்வால் ஆபரேஷன்தான் இருந்திருக்கிறது. ஆகவே சேர்ப்பதற்கு முன்பே மருத்துவமனையின் பதிவுச் சான்றிதழையும், மாநில மனநல ஆணையத்தில் பதிந்த சான்றிதழையும் நகல் கேட்டு வாங்குங்கள். மறுவாழ்வு இல்லங்கள் பலவும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன.

மூன்றாவது, 24 மணி நேரம். குறைந்தது ஒரு நாள் படுத்திருந்தால்தான் கிளைம். இதில் மின்னதிர்வு சிகிச்சை சிக்கிக்கொள்கிறது. காலையில் கொடுத்து மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் மயக்க மருந்து இல்லாமல் அதைக் கொடுக்கக் கூடாது என்று 2017 சட்டத்தின் 95-ஆம் பிரிவே தடை போட்டிருக்கிறது. மயக்க மருந்து கொடுத்து ஒரு நாளுக்குள் முடிக்கும் சிகிச்சைகளுக்கு பாலிசியில் ‘டேகேர்’ என்ற வகை உண்டு. அந்த வகையில் சேர்க்கும்படி எழுதிக் கேட்க நல்ல இடமிருக்கிறது.

டாக்டர் ஃபீஸ், மாத்திரை, கவுன்சலிங்குக்குப் பணம் வருமா?

சாதாரண பாலிசியில் வராது. இந்த முழு ஏற்பாட்டின் ஓட்டையும் இங்கேதான்.

மனநோயோடு வாழ்கிற ஒருவரின் வருடத்தைப் பாருங்கள். மாதம் ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ டாக்டர், தினமும் மாத்திரை, சிலருக்கு வாராவாரம் கவுன்சலிங், லித்தியம் மாத்திரை எடுப்பவருக்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. இதெல்லாம் ஒழுங்காக நடந்தால் அட்மிஷனே தேவைப்படாமல் போகலாம். நம்முடைய மெடிக்கிளைமோ படுக்கையில் விழுந்தால்தான் பணம் தரும். உடல்நோய்க்கும் அப்படித்தானே என்று நிறுவனம் சொல்லும். சொல்வது சரிதான், சட்டம் கேட்டதும் ‘அதே அடிப்படை’ மட்டும்தான். ஆனால் அந்த அடிப்படையே ஆபரேஷனுக்கும் விபத்துக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை. மாத்திரையால் ஒருவரை வேலைக்குப் போகிற நிலையில் வைத்திருக்கும் செலவை யாரும் தருவதில்லை. அது நின்றுபோய் அவர் முற்றிலும் குலைந்தபின் வரும் மருத்துவமனை பில்லுக்கு மட்டும் பணம் உண்டு. இது நிறுவனங்களுக்கே நஷ்டக் கணக்கு என்றுதான் நினைக்கிறேன்.

இப்போதைக்கு உள்ள வழிகள்: சில பாலிசிகளில் கூடுதல் பிரீமியம் கட்டி ஓபி செலவைச் சேர்க்கலாம். சேர்க்கும் முன் அதில் மனநல டாக்டர் உண்டா, மனநல ஆலோசகருக்கும் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். அட்மிஷனுக்கு முன்னும் பின்னும் குறிப்பிட்ட நாட்களுக்கு ஆகும் ஓபி செலவு பெரும்பாலான பாலிசிகளில் உண்டு. பலர் அந்த பில்களைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். எஸ்சிட்டலோபிராம், ஓலான்சபின் போன்ற அன்றாட மருந்துகள் மக்கள் மருந்தகங்களில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

குடிநோய், போதைப்பழக்கத்துக்கு?

இங்கே சட்டமும் ஆணையமும் நேருக்கு நேர் மோதுகின்றன. 2017 சட்டம் மனநோய்க்குத் தரும் வரையறையிலேயே மது, போதைப்பொருளால் வரும் மனநிலைக் கோளாறுகளும் சேர்ந்திருக்கின்றன. ஆனால் ஐஆர்டிஏஐ 2019-இல் தரப்படுத்திய விலக்குப் பட்டியலில் 12-ஆம் எண், குடிநோய்க்கும் போதைப்பழக்கத்துக்கும் அவற்றின் விளைவுகளுக்கும் பணம் தர வேண்டாம் என்று நிறுவனங்களுக்கு இடம் கொடுக்கிறது. ஆகவே குடியை நிறுத்துவதற்கான சிகிச்சைக்கு கிளைம் கிடைப்பது இன்று கடினம்.

தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: மனச்சோர்வுக்காகவே சேர்ந்தவரின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘எப்போதாவது மது அருந்துவார்’ என்ற ஒரு வரி இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு முழு கிளைமையும் மறுப்பதுண்டு. உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. முதன்மை நோய் எது, அதற்கும் மதுவுக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்பதை டாக்டர் தெளிவாக எழுதினால் போதும்.

தற்கொலைக்கு முயன்றவரைச் சேர்த்தால் போலீஸ் கேஸ் ஆகுமா?

மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லலாம். அதற்காகப் பயந்து சேர்க்காமல் இருக்காதீர்கள். அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் அமலான பாரதிய நியாய சன்ஹிதாவில், முயற்சியையே குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு இல்லை.

இதைப் படிக்கிறவர் இப்போதே அந்த நிலையில் இருந்தால், காப்பீட்டை அப்புறம் பார்க்கலாம். அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

ஏற்கனவே மாத்திரை சாப்பிடுகிறவர் புதிதாக பாலிசி எடுக்க முடியுமா? மறைத்துவிடலாமா?

மறைக்காதீர்கள். புரபோசல் படிவத்தில் கடந்த சில ஆண்டுகளில் ஏதாவது சிகிச்சை பெற்றீர்களா என்ற கேள்வி வரும். ஏஜென்ட் தானாகவே எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டு, கையெழுத்து மட்டும் போடுங்க சார் என்பார். பாலிசி வந்துவிடும். கிளைம் போடும் அன்று, பழைய மருந்துச் சீட்டில் 2015 என்ற தேதியைப் பார்த்ததும் பாலிசியையே ரத்து செய்வார்கள். அந்த ஏஜென்ட் அப்போது ஃபோனை எடுக்க மாட்டார். பாலிசி வந்தவுடன் அதோடு இணைத்திருக்கும் படிவ நகலை வரிவரியாகப் படித்து, தவறு இருந்தால் உடனே ஈமெயிலில் திருத்தச் சொல்லுங்கள்.

சொல்லி எடுத்தால் மூன்றில் ஒன்று நடக்கும்: ஏற்பார்கள், பிரீமியத்தைக் கூட்டி ஏற்பார்கள், அல்லது மறுப்பார்கள். ஏற்றால் ஏற்கனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம். 2024 ஏப்ரலுக்கு முன்பு இது 48. தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டிவிட்டால், மோசடியை நிரூபித்தாலொழிய ‘நீ சொல்லவில்லை’ என்ற காரணத்தைக் காட்ட முடியாது. மாற்றுத்திறனாளிகள், எச்ஐவி உள்ளோர், மனநோய் உள்ளோர் ஆகியோருக்கென்றே ஒரு பாலிசி கொண்டுவரும்படி 2023 பிப்ரவரியில் ஆணையம் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஏஜென்ட்கள் அதை அதிகம் பேசுவதில்லை; பெயர் தெரியாவிட்டாலும் ‘2023 பிப்ரவரி உத்தரவுப்படி வந்த பாலிசி’ என்று கேளுங்கள்.

வேலை செய்யும் கம்பெனியில் குழுக் காப்பீடு இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். காத்திருப்புக் காலம் இல்லாத குழு பாலிசிகள் நிறைய உண்டு.

ஈஎஸ்ஐ அட்டை இருக்கிறது. அதில் என்ன கிடைக்கும்?

தனியார் பாலிசியைவிட நல்லதே கிடைக்கும், கேட்பவர்தான் குறைவு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு (மாற்றுத்திறனாளி என்றால் 25,000) ஈஎஸ்ஐயில் ஓபியும் மருந்தும் அடங்கும். மேலே சொன்ன பெரிய ஓட்டை இதில் இல்லை.

நோயால் வேலைக்குப் போக முடியாவிட்டால் வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். நீண்டகால நோய்கள் 34-ஐப் பட்டியலிட்டு, அவற்றுக்கு 80 சதவீதச் சம்பளத்தை இரண்டு ஆண்டு வரை நீட்டிக்கிறார்கள். அந்தப் பட்டியலில் மனச்சிதைவு உண்டு, இருதுருவ மனநோய் உண்டு, தீவிர மனச்சோர்வில் ஒரு வகையும் உண்டு. இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்து, குறிப்பிட்ட நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். மில்லிலோ கார்மென்ட்ஸிலோ வேலை பார்க்கும் பெண் நோய் வந்ததும் வேலையை விட்டுவிட்டால் இதெல்லாம் கையைவிட்டுப் போகும். ராஜினாமா எழுதும் முன் ஈஎஸ்ஐ மருந்தகத்தில் மருத்துவச் சான்று வாங்குங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில்?

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கானது. பிரதமரின் திட்டத்தோடு சேர்ந்து ஆண்டுக்கு 5 லட்சம் வரை. இதுவும் படுக்கை சிகிச்சைக்குத்தான். மனநோய்க்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் ஓபியும் மருந்தும் எப்படியும் இலவசம். கீழ்ப்பாக்கம் என்ற பெயரைக் கேட்டாலே ஜோக் அடிக்கிற ஊர் இது. ஆனால் அங்கிருக்கும் மனநலக் காப்பகத்தின் ஓபிக்குப் போய்ப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் உங்களைப் போன்ற ஒருவர்தான்.

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு இதே சட்டமா?

முழுவதும் இல்லை. அறிவுசார் குறைபாட்டை மனநோய்ச் சட்டம் தன் வரையறையிலிருந்து வெளியே வைத்திருக்கிறது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் ‘நிராமயா’ காப்பீடு உண்டு. தொகை 1 லட்சம்தான். ஆனால் ஓபியும் தெரபியும் அதில் அடங்கும்.

கிளைமை மறுத்துவிட்டார்கள். அடுத்து என்ன?

முதலில் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். எந்த விதிப்படி மறுக்கிறார்கள் என்ற எண் அதில் இருக்க வேண்டும். பிறகு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். இவ்வளவு போதும்:

‘என் பாலிசி எண் இது. இந்தத் தேதியில் இந்த விதியைக் காட்டி கிளைமை மறுத்துள்ளீர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 21(4)-க்கும், ஐஆர்டிஏஐயின் 2018 ஆகஸ்ட் 16, 2022 அக்டோபர் 18 சுற்றறிக்கைகளுக்கும் இது முரணானது. அட்மிஷன் ஏன் தேவைப்பட்டது என்று மருத்துவர் எழுதிய கடிதம் இணைப்பில் உள்ளது. மறுபரிசீலனை செய்து, பதிலை எழுத்து மூலம் தரவும்.’

அதையே ஆணையத்தின் ‘பீமா பரோசா’ தளத்திலும் பதியுங்கள். 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது திருப்தியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். சென்னையில் அலுவலகம் உண்டு, வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, 50 லட்சம் வரை தீர்ப்பளிக்கலாம். மறுப்பு வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் நுகர்வோர் ஆணையம். அதற்கு இரண்டு வருடம்.

ஆபீஸில் தெரிந்துவிடுமோ என்று பயம்.

நியாயமான பயம். சட்டத்தின் 23-ஆம் பிரிவு நோயாளியின் தகவலை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. குழுக் காப்பீடாக இருந்தாலும் மருத்துவ ஆவணங்களை எச்ஆர் வழியாக அனுப்பாமல், டிபிஏவின் (காப்பீட்டு நிறுவனத்துக்காக கிளைம்களைக் கையாளும் நிறுவனம்) தளத்தில் நேராகப் பதிவேற்றுங்கள்.

குடும்பங்களும் அமைப்புகளும் இனி என்ன கேட்க வேண்டும்?

தமிழ்நாட்டுக்கு இதில் நல்ல பாரம்பரியம் உண்டு. டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப், 1993-இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய பான்யன் ஆகிய மனநல அமைப்புகள் இரண்டும், சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே நோயாளியைக் குடும்பத்தோடும் ஊரோடும் சேர்த்துப் பார்த்தவை. இன்றைய வேலை கொஞ்சம் வறட்சியானது. விதி எண்களோடு மல்லுக்கட்டுவது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கே வரவில்லை என்றது. அவர்களுக்குப் படுக்கைக் காப்பீட்டால் பயனில்லை.

என் பட்டியலில் முதலாவது, மனநோய்க்கு ஓபி செலவை அடிப்படை பாலிசியிலேயே சேர்ப்பது. அடுத்தது குடிநோய், போதைப்பழக்கத்துக்கான 12-ஆம் எண் விலக்கை நீக்குவது. ஆபரேஷன் தியேட்டர் நிபந்தனையிலிருந்து மனநல மருத்துவமனைகளுக்கு விலக்குக் கேட்பது சின்ன வேலை. ஆனால் உடனே பலன் தரும். ஆணையம் புதிய விதிகளின் வரைவைத் தன் தளத்தில் போட்டுக் கருத்துக் கேட்கும்; அப்போது நாலு வரியாவது எழுதி அனுப்ப வேண்டும். மனநோய் கிளைம்கள் எத்தனை வந்தன, எத்தனை மறுக்கப்பட்டன என்ற கணக்கைப் பொதுத்துறை நிறுவனங்களிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் பத்து ரூபாய். ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் ஒரு குடும்பம் கேட்டால் போதும்.